சீரகம் போட்ட களிமண்

தன்சுக்பாய் எதையும் ஒருமுறை தட்டிப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தசராவன்று மனைவி தருலதாபென் நீட்டிய தட்டில் நாலு ஜிலேபி இருந்தது. மூன்று பாகில் ஊறியது, ஒன்று களிமண். இவர் கை நேராக அந்த ஒன்றுக்குத்தான் போனது. கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு போனதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து சம்பந்தி வீட்டில்கூட பேடாவை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பார்.

நடியாடில் அம்பாகுஞ்ச் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு. அந்த வீட்டில் சும்மா இருக்கிற பொருள் எதுவும் கிடையாது. சுவிட்ச் பலகையைச் சுற்றிக் கொடி, ஊறுகாய் ஜாடி மூடியில் மயில், செருப்பு அலமாரிக்குத் தாமரை, எல்லாம் தருபென் கைவேலை. சூளை வேண்டாம், சக்கரம் வேண்டாம். சோளமாவும் வெள்ளைப் பசையும் சம அளவு, ஒரு கரண்டி எண்ணெய், அரை மூடி எலுமிச்சை. அடுப்பில் வைத்துக் கிளறினால் சட்டியை விட்டுத் திரண்டு வரும். ஒரு ராத்திரி ஈரத்துணி போட்டு மூடிவைத்தால், காற்றிலேயே கல்லாகக் காயும் மண் தயார். "இதுல மண்ணு எங்கடி இருக்கு?" என்று மூன்றாம் மாடி ரத்தன்பென் கேட்பாள். அவள் கட்ச் பக்கத்துக்காரி. அவள் பிறந்த வீட்டுச் சுவர் முழுக்க மண்ணும் கண்ணாடிச் சில்லும் பதித்த லிப்பன் வேலை. அதனால் அந்தக் கட்டடத்தில் களிமண் விஷயத்தில் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

தருபென்னுக்கு இருந்த ஒரே ஆசை, கீழே லிஃப்டுக்கு எதிரில் இருக்கிற சுவர். நவராத்திரி ஒன்பது நாளும் அம்மன் விளக்குப் பானையை அதன் முன்னால்தான் வைப்பார்கள். ஐந்து வருஷமாக அங்கே தொங்கியது சங்கத் தலைவர் மனைவி இலாபென் வாங்கிவந்த பிளாஸ்டிக் பூமாலை. இந்த வருஷம் தருபென் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டுச் சுவரை வாங்கிவிட்டாள். இலாபென் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டாள்: "முதல் நாள் கர்பா ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள மாட்டியிருக்கணும். ஒரு குத்தம் தெரிஞ்சாலும் எங்க மாலைதான், அப்புறம் எப்பவும் அதுதான்."

வியாழக்கிழமை நவராத்திரி. நாலடி அகல வட்டப் பலகைக்குத் தேவையான மண்ணைத் திங்கள் காலையிலேயே கிளறி, பெரிய பாத்திரத்தில் மூடிவைத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

செவ்வாய் காலை துணியை விலக்கிக் கைவைத்ததுமே தெரிந்துவிட்டது. அது அவள் மண் இல்லை, கிச்சு! அரிசிமாவைச் சீரகமும் அப்பளக்காரமும் போட்டு வேகவைத்துக் கிளறுவார்களே, வடாம் மாவு மாதிரி, அதே கிச்சு.

தருபென் கூச்சல் போடவில்லை. சமையலறையைப் போலீஸ்காரி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கடலை எண்ணெய் பாட்டில் இரண்டு விரல் இறங்கியிருந்தது. குப்பைக்கூடையில் நேற்றைய மண் மொத்தமும் செக்கச் செவேலென்று மிளகாய் மசாலா பூசிக் கிடந்தது. தொட்டியில் ஒரு ஸ்பூன் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஜன்னலோரம் தன்சுக்பாயின் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் ஒரு தட்டில் பொறுக்கியெடுத்த சீரகம்.

எண்ணெயும் அரிசியும் கூடாதென்று டாக்டர் சொல்லி ஒரு மாசம் ஆகிறது. மனுஷன் மூடியைத் திறந்திருக்கிறார். பெண்டாட்டி தனக்கு மட்டும் கிச்சு கிளறி ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். கெட்டியான ஜிலேபியைத் தட்டலாம், கிச்சுவை எப்படித் தட்டுவது? எண்ணெய் விட்டு, மசாலா தூவி, ஒரு வாய் போட்டதும் மேலண்ணம் ஒட்டியிருக்கும். அப்புறம்தான் சுவர் ஞாபகம் வந்திருக்கும். பாவம், அவள் திரும்புவதற்குள் பாத்திரத்தை நிரப்பக் கிச்சு கிளறிய அவசரத்தில் கைப்பழக்கமாகச் சீரகத்தைப் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்.

புதிதாக மண் கிளறினால் ஒரு நாள் ஆற வேண்டும், இரண்டு நாள் காய வேண்டும். வியாழனுக்கு ஆகாது. கிச்சு என்றால் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். தருபென் அதை ஆவியில் காட்டி, எண்ணெய் தொட்டுப் பிசைந்து, முறுக்கு சுற்றுகிற மாதிரி திரி திரியாக உருட்டிப் பலகையில் பசை வைத்து ஒட்டினாள். ஒட்டுகிறவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் மண்ணைத் தின்பண்டமாக்கிக் காட்டினாள், இப்போது தின்பண்டத்தை மண்ணாக்கிக் காட்ட வேண்டும்.

"கேட்டீங்களா," என்றாள் கணவரிடம். "இதை மொட்டை மாடிக்குத் தூக்குங்க."

"வெயில்ல வச்சா வெடிக்கும்னு நீதானே சொல்லுவே?"

"இந்தத் தடவை மண்ணுக்கு வெயில் பிடிக்குது. நீங்க ஒரு குச்சி எடுத்துக்கிட்டுப் பக்கத்துலயே உக்காருங்க."

"குச்சி எதுக்கு?"

"அணில் வரும்."

"களிமண்ணுக்கு அணில் வருமா என்ன?"

"அதானே! ஏன் வரணும்?" என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். தன்சுக்பாய் வானத்தைப் பார்த்தார்.

இரண்டு நாளும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் துண்டோடு மனுஷன் அணில் விரட்டினார். கீழேயிருந்து அவ்வப்போது குரல் வரும்: "எத்தனை வந்துச்சு?" மேலேயிருந்து பதில் வரும்: "ஏழு. ஒண்ணு ஒரு இதழைத் தூக்கிட்டுப் போயிடுச்சு தரு." "அடப் பாவமே, மண்ணைத் தின்னு அதுக்கு வயித்தை வலிக்கப் போகுது!" மேலே குச்சி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

வியாழன் சாயங்காலம் விளக்குப் பானைக்குப் பின்னால் வட்டம் ஏறியது. வெள்ளை வெளேரென்ற இதழ்களுக்கு நடுவே ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு சுடர் ஆடியது. பார்த்தவர்கள் வாய்விட்டு ஆகா என்றார்கள். இலாபென் மட்டும் கிட்டே வந்து, மூக்கை நீட்டி, நகத்தால் எதையோ பெயர்த்தெடுத்தாள்.

"தருபென், இது சீரகம் இல்ல?"

ஐந்து வருஷத்துச் சுவர் ஒரு சீரகத்தில் வந்து நின்றது. முந்திக்கொண்டு தன்சுக்பாய் பேசினார்: "ஆமா, சீரகந்தான். பூச்சி வராம இருக்கப் போடறது. கட்ச் முறை."

"கட்ச் முறையா? ரத்தன்பென், இங்க வாங்க! இப்படி உண்டா உங்க ஊர்ல?"

ரத்தன்பென் நிதானமாக வந்தாள். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். மென்றாள். கர்பா ஆட வந்த கூட்டம் கோலைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க அம்மா சாணி போடுவாங்க," என்றாள். "பூச்சிக்குத்தான். வாயில வச்சுப் பாக்கணும்னா சீரகமே தேவலை. வேலை சுத்தம். இந்தச் சுவரு இனிமே இவளுக்குத்தான் இலாபென், வீணா வாய் குடுக்காதீங்க."

திரும்பிப் போகும்போது தருபென் காதோரம் குனிந்தாள். "அப்பளக்காரம் கம்மிடி."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தன்சுக்பாய் தொண்டையைச் செருமினார். "தரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும். உங்க கிச்சுல அப்பளக்காரம் கம்மியாம். ரத்தன்பென் சொன்னா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"தொட்டதுலேர்ந்து."

"அப்போ ரெண்டு நாள் என்னை வெயில்ல..."

"அணில் வந்துச்சா இல்லையா?"

அடுத்த ஒன்பது நாளும் ராத்திரியில் அணிலோ எலியோ ஓரிரண்டு இதழைக் கடித்துப்போகும். காலையில் தருபென் அந்த இடத்தில் நிஜ மண்ணில் செய்த இதழை ஒட்டிவிட்டு வருவாள். மிச்சத்தையும் கடைசி இரண்டு நாளில் அவளே மாற்றினாள். தசரா விடிந்தபோது வட்டத்தில் ஒரு அரிசிகூட இல்லை. இலாபென் சின்னதாக ஒரு மயில் செய்து பார்க்க வேண்டும் என்று வந்து, கிலோவுக்கு எத்தனை ஸ்பூன் சீரகம் என்று கேட்டாள். "ரெண்டு," என்றாள் தருபென், கண்ணைச் சிமிட்டாமல். "வறுத்துப் போடுங்க."

அன்று காலை தன்சுக்பாய் முன்னால் ஒரு தட்டு வந்தது. அதில் ஒரு இதழ், எண்ணெயில் பொரிந்த மாதிரி உப்பலாக. மிஞ்சிய கிச்சு, டாக்டருக்குத் தெரியாமல் இன்றைக்கு ஒன்று மட்டும் என்றாள். அவர் கண் கலங்கப் பார்த்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? மேசையில் தட்டினார்.

டக், டக் என்றது.

"பொரிச்சது இந்தத் தட்டுல இருக்கு," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.