பின் இடது கதவு

இது நிஜமாக நடந்தது. கதை கட்டுகிறவன் தன்னை நல்லவனாகக் காட்டித்தான் கட்டுவான். இதில் குற்றவாளியே நான்தான். அதற்கு மேல் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது. அவளும் உங்களோடு சேர்ந்துதான் முதல்முறையாகப் படிக்கப்போகிறாள். சொல்லியே ஆக வேண்டிய நிலைமை போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது காலை ஒன்பது பத்துக்கு, சுள்ளென்ற வெயிலில்.

வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் கம்பெனி இருபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். மகள் பிறந்ததும் கார் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. புது வண்டிக்கு வசதி இல்லை. பழைய வண்டி வாங்குவதோ, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது மாதிரி. அதனால் மூன்று மாதம் அலைந்து அலைந்து பார்த்தேன். எந்த வண்டியைக் காட்டினாலும் ஒரு குறை சொன்னேன்.

"என்னக் கட்டிக்க ஒரு வாரந்தான் யோசிச்சீங்க. காருக்கு மூணு மாசமா?" என்றாள் மனைவி.

கடைசியாகத் தரகர் ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினார். ஒரே சொந்தக்காரர், நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்கலாமே. மெக்கானிக்கான என் மச்சானைக் கூட்டிப்போனேன். அவன் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்த்தான். அடியில் வெள்ளைப் பேப்பர் விரித்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்தான். தரைவிரிப்பைத் தூக்கி மோந்துகூடப் பார்த்தான்.

"மாமா, வண்டி தங்கம். பின்னாடி இடது கதவுப் பூட்டு மட்டும் நிக்கல. யாரோ கழட்டி லூசா விட்டிருக்காங்க. சின்ன வேலதான்."

"ஏன் விக்கிறாங்க?" என்று தரகரிடம் கேட்டேன்.

"ஓட்ட ஆள் இல்ல சார்."

வாங்கிவிட்டேன். மகளுக்கான குழந்தை இருக்கையை என் இருக்கைக்கு நேர் பின்னால் பொருத்தினோம்.

முதல் வாரம், கண்ணாடி. நடுவில் இருக்கிற, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சொல்கிறேன். இரவு நேராக வைத்துவிட்டு வருவேன். காலையில் அது கீழே சாய்ந்து, சாலையைக் காட்டாமல் பின் இருக்கையைக் காட்டிக்கொண்டிருக்கும். மனைவியைக் கேட்டேன். "நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" என்றாள்.

இரண்டாவது வாரம், கதவு. கம்பெனியில் வண்டியை நிறுத்திச் சாவிப் பொத்தானை அழுத்துவேன். நான்கு பூட்டும் சேர்ந்து விழும். பத்து அடி நடப்பேன். முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு பூட்டு திறக்கும். டக். மணி பார்த்தேன், 9.10. மறுநாளும் 9.10. வீட்டு வாசலில் நிற்கும்போது ஒருநாளும் திறந்ததில்லை. கம்பெனியில் மட்டும்தான்... 9.10-க்கு மட்டும்தான்.

மூன்றாவது வாரம், ஈரம். சாயங்காலம் வந்து திறந்தால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். ஆனால் பின் இருக்கையில் இடது ஓரம் மட்டும் நனைந்திருக்கும். தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, பிசுபிசுத்தது. வியர்வை.

எனக்குப் பயம் வந்தது. ஆனால் படித்தவன் அல்லவா, பயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மச்சானிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை புதுப் பூட்டு மாட்டினேன். திங்கள் சத்தம் இல்லை. செவ்வாயும் இல்லை. கண்ணாடி மட்டும் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

புதன்கிழமை.

அந்த வாரம் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட். குழந்தைகள் காப்பகத்தில் மகளை விடுவது என் பொறுப்பு. முந்தின இரவு அவளுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். நான் கண்ணே மூடவில்லை. 8.20-க்குக் கிளம்பினோம். ஐந்தே நிமிடத்தில் அவள் தூங்கிவிட்டாள்.

8.41-க்கு மேனேஜர் ஃபோன். "ஸ்டாக் எடுக்க ஆள் வந்தாச்சு. நீ எங்க இருக்க?" ஸ்டோர் என் பொறுப்பு. மனம் முழுக்கக் கணக்கில் வராத இரண்டு பெட்டிகள்தான் ஓடின.

8.45-க்குக் காப்பகத்துக்குத் திரும்பும் சாலை வந்தது.

நான் திரும்பவில்லை.

9.08-க்குக் கம்பெனி கேட். வாட்ச்மேன் வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்து நோட்டில் எழுதினார். வண்டி நம்பர், நேரம், எத்தனை பேர். 9.10-க்கு நிறுத்தினேன். ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. சாவியை அழுத்தினேன். நான்கு பூட்டும் விழுந்தன.

நடந்தேன். பத்து அடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் சத்தம் இல்லை. மச்சான் கெட்டிக்காரன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.



9.29. ஹார்ன்.

விட்டு விட்டு அல்ல. ஒரே சத்தம்... நிற்கவே இல்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"உங்க வண்டிதான் போல" என்றார் ஒருவர்.

சலிப்போடு சாவியை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

முதலில் தட்டுப்பட்டது சாவி இல்லை.

பால் புட்டி.

எப்படிச் சாவியை எடுத்தேன், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் விழுந்து எழுந்தேன். ஹார்ன் கத்திக்கொண்டே இருந்தது. கடைசிப் படியில் கால் வைத்தேன்.

ஹார்ன் நின்றது.

பின் இடது கதவு விரியத் திறந்திருந்தது.

குழந்தை இருக்கை காலி.

பெல்ட் அவிழ்ந்து கிடந்தது.

சாவி என் கையில். நான் அழுத்தவில்லை.

பிறகு பார்த்தேன்... சுவரோர நிழலில் அவளுடைய துண்டு விரித்திருந்தது. அதன்மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, தலை நனைந்து. நெற்றி முடியை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய செருப்பு, ஜோடியாக.

என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"ம்மா."

திரும்பினேன். யாரும் இல்லை.

வாட்ச்மேன் கேட்டிலிருந்து அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்தார். டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் மீண்டும் வாட்ச்மேனிடம் போனேன். கோபம் எல்லாம் அவர்மேல்தான் வந்தது.

"உள்ள கொழந்த இருக்குன்னு பாத்தீங்கல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அம்மா கூட இருக்காங்களேன்னு விட்டுட்டேன் சார்."

"எந்த அம்மா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் வண்டி நம்பருக்கு நேராக, நான் அந்த வண்டியில் வர ஆரம்பித்த முதல் நாளிலிருந்து, தினமும் 2. நான் தினமும் தனியாகத்தான் வருவேன். அன்றைக்கு மட்டும் 3.

"பின்னாடி இடது பக்கம் உக்காந்திருப்பாங்களே சார். ஒருநாளும் எறங்க மாட்டாங்க. குடும்ப விஷயம், நமக்கெதுக்குன்னு நான் கேக்கல."

சனிக்கிழமை, வண்டிப் பத்திரத்தில் இருந்த பழைய சொந்தக்காரரின் முகவரிக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. வெள்ளை வண்டி என்றதுமே கேட்டார்.

"பின் கதவா?"

நான் தலையாட்டினேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

"என் மனைவிதான் ஓட்டுவா. வேலைக்குப் போற வழியில கொழந்தைய விட்டுட்டுப் போவா. ஒருநாள் ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்துச்சு. திருப்பத்த விட்டுட்டா. ஒம்பது பத்துக்கு வண்டியப் பூட்டிட்டுப் போயிட்டா. சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு வந்துதான்..."

கதவை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் தெனமும் ஒம்பது பத்துக்குப் போய், கொழந்த இருந்த எடத்துல உக்காந்துக்குவா. ஜன்னல் கண்ணாடிய ஏத்திக்குவா. நான்தான் அந்தப் பூட்டக் கழட்டி லூசா விட்டேன், எப்பவாவது எறங்கி வருவான்னு. கடைசி நாளும் கதவு தெறந்துதான் இருந்துச்சு. அவ எறங்கல."

என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "உங்க கொழந்தைக்கு என்ன வயசு?"

"பதினாலு மாசம்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதுப் பூட்டைக் கழற்றிவிட்டு, பழையதையே மாட்டினேன். திங்கட்கிழமை கம்பெனியில் 9.10-க்கு 'டக்' என்றது. எனக்கு அழுகை வந்தது. இதைப் படிக்கிற என் மனைவிக்குச் சொல்கிறேன்: இந்த ஓட்டை வண்டியை ஏன் விற்க மாட்டேன் என்கிறீர்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, இதுதான் காரணம். நான் மறந்தவன். அந்தத் தாய் இனி மறக்க மாட்டாள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது ஆகிவிட்டது. பேச்சு வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறக்கும்போதெல்லாம் பின் இருக்கையைப் பார்த்து, "நீயும் வா" என்பாள். யாரும் இறங்கியதில்லை. நானும் பழகிவிட்டேன்.

போன வியாழக்கிழமை இரவு, நம் வீட்டு வாசலில், அவள் இடது கதவைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "வா... வா..." என்றாள். பிறகு யாருக்கோ வழி விடுவதுபோல ஒதுங்கினாள்.

வெள்ளிக்கிழமை 9.10-க்குச் சத்தம் வரவில்லை.

கேட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்தேன்.

1.

நேற்று நீ சொன்னாய். "பரவாயில்லையே, இப்பல்லாம் ராத்திரி பாப்பா செருப்ப ஜோடியா எடுத்து வைக்கிறீங்களே." நான் சிரித்து மழுப்பினேன்.

அது நான் இல்லை.