இறக்கைக்கு மேலே இரண்டு ஏவுகணை

ஒரு போர் விமானம் எல்லாக் குண்டுகளையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு பறக்காது. இந்த ஒரு விஷயத்தை எங்கள் வீட்டுக்குப் புரியவைக்க 1991 முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். ஒரு சாண் நீளத்துக்கு ஜாகுவார் விமானம், பிளாஸ்டிக்கில், துண்டு துண்டாக. நாம்தான் ஒட்டிப் பெயின்ட் அடித்து எடுக்க வேண்டும். நான் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் மோல்டிங் மெஷினில் நின்றுகொண்டிருந்தேன். பக்கெட் மூடி. ஷிப்ட் முழுக்கப் பக்கெட் மூடி. ஓ.டி. போட்டால் அதற்கும் பக்கெட் மூடி. கண்ணை மூடினாலும் வட்டமாகத்தான் தெரியும்.

தாம்பரத்தில் ஒரு பட்டறையில் கண்காட்சிக்கும் வகுப்புகளுக்கும் விமான மாடல் செய்து கொடுக்கிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று அக்கா வீட்டுக்காரர்தான் விசாரித்துச் சொன்னார். போய்ப் பார்த்தேன். முதலாளி வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர்.

"விஜயதசமி அன்னிக்கு ஒரு மாடல் முடிச்சி எடுத்துக்கினு வா. பெயின்ட்டு எவன் வேணா அடிப்பான். ரெக்கைல இன்னா மாட்டிகீற, ஏன் மாட்டிகீற, அதத்தான் நான் பாப்பேன். சரியா இருந்தா வேலை உனக்கு."

பக்கெட் மூடியிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்தது அந்த ஒரு கதவுதான்.

விமானத்தை ஒட்டி முடித்தது பெரிய விஷயமில்லை. அதன் கீழே என்ன மாட்டுவது என்பதில்தான் உயிர் போயிற்று. பெட்டிக்குள் எல்லாம் இருந்தன: குண்டு, ராக்கெட் கூடு, எண்ணெய் டாங்க், ஏவுகணை. எதை எதோடு சேர்த்து மாட்டுவது என்று மட்டும் விளக்கத் தாளில் ஒரு வரி கிடையாது. 'விருப்பம்போல்' என்று போட்டிருந்தான் படுபாவி. விருப்பம்போல் மாட்ட இதென்ன வளையல் கடையா?

அந்த வருஷம் வளைகுடாச் சண்டை புண்ணியத்தில் பேப்பரில் தினமும் விமானப் படம் வந்தது. வந்து என்ன? பைலட் சிரிப்பதை எடுப்பான், மூக்கை எடுப்பான், வாலை எடுப்பான். வயிற்றுப் பக்கம் மட்டும் எப்போது பார்த்தாலும் ஒரே கறுப்பு மை. டீக்கடையில் பேப்பரைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். "இன்னா, கண்ணு தெர்லியா?" என்பார் கடைக்காரர். தலைக்கு மேலே பறக்கும் தாம்பரத்துப் பயிற்சி விமானங்களையாவது பார்க்கலாமென்றால், அவை ஒன்றையுமே தொங்கவிடாமல் மொட்டையாகப் போகும்.

கடைசியில் மெட்ராஸ் நடைபாதையில், அட்டை கிழிந்த ஒரு பழைய பத்திரிகையில் அகப்பட்டது. நம் நாட்டு ஜாகுவார், பக்கவாட்டில், நல்ல வெளிச்சத்தில். இறக்கைக்கு அடியில் இரண்டு எண்ணெய் டாங்க். வயிற்றில் குண்டு. இறக்கையின் வெளிப்பக்கத்தில் குண்டு மாட்டுகிற கொக்கி இரண்டும் காலி. ஏவுகணை இரண்டும் இறக்கைக்கு மேலே! அடிக் கொக்கிகளைக் கனமான சாமானுக்கென்று விட்டுவிட்டு ஏவுகணையை மேலே ஏற்றியிருக்கிறார்கள். தூரம் போக வேண்டுமென்றால் எண்ணெய், எண்ணெய் ஏற்றினால் குண்டு குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் காட்டினேன்.

படத்தில் இருந்தபடியே மாட்டி வீட்டில் காட்டியதுதான் தப்பு. அப்பா வல்லக்கோட்டையில் எங்கள் கொஞ்ச நிலத்தில் நெல் வைப்பார், மற்ற நாளில் செங்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, மாட்டற எடம் ரெண்டு காலியா கீது?"

"அது அப்படித்தான்பா. எல்லாத்தையும் மாட்டுனா பறக்காது."

"லோடு ஏத்தறத எனக்கே சொல்லித் தர்றியா? வண்டின்னா ஃபுல் லோடு போவணும். பாதி வண்டி காலியா போனா எந்த ஓனரு சும்மா வுடுவான்? இத பாரு, ரெக்கைக்கு மேல எவனாவது குண்டு வெப்பானா? உருண்டு அவன் தலையிலியே வுழாது?"

"அய்யோ, அது குண்டு இல்லப்பா!"

அம்மா அடுப்படியிலிருந்து, "குடுத்தத எல்லாம் ஒட்டாம எதுக்குடா மிச்சம் வெக்கிற? சோம்பேறின்னு நெனைக்கப் போறாங்க" என்றாள். எனக்கு மண்டை வெடித்தது. பத்திரிகையை விரித்துக் காட்டினேன். "பேப்பர்காரன் ஆயிரம் போடுவான்" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே மாடலைப் பஞ்சு வைத்துச் செருப்பு டப்பாவில் பத்திரப்படுத்தினேன். பூஜையன்று கம்பெனியில் மெஷின் துடைத்து, பொட்டு வைத்து, பொரி வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது வீட்டிலும் பூஜை முடிந்திருந்தது. மண்வெட்டி, அரிவாள், என் சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டப்பா மூடியிலும் பொட்டு. நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை நூலை அவிழ்க்கப் போனேன்.

"சாமிகிட்ட வெச்சிக் கட்னது, அங்க போயி பிரி. பஸ்ஸு போய்டும், கெளம்பு" என்று அம்மா விரட்டினாள். மூடிக்கு மட்டும்தான் பூஜை என்று நினைத்துக்கொண்டேன். ஒரகடம், படப்பை தாண்டித் தாம்பரம் வரை டப்பாவை மடியில் வைத்தபடி, கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வதென்று மனப்பாடம் செய்தேன்.

முதலாளி மேஜையில் நூலை அவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன்.

காலியாக விட்டிருந்த கொக்கிகளில் ராக்கெட் கூடு. டாங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில், கொக்கியே இல்லாத இடத்தில், வரிசையாகக் குண்டு. மேலே இருந்த இரண்டு ஏவுகணையையும் பிடுங்கி அடியில் ஒட்டியிருந்தது. பெயின்ட் உரிந்து மேலே இரண்டு வடு. மூக்கில் குங்குமம். ஒன்றுகூடக் கோணவில்லை. செங்கல் அடுக்குகிற கை அல்லவா, நூல் பிடித்த மாதிரி ஒட்டியிருந்தார் அப்பா.

முதலாளி கையில் எடுத்துப் பார்த்தார். "தம்பி, இதுல எத்தினி இன்ஜின்?"

"ரெண்டு சார்."

"பத்து வெச்சாலும் எழும்பாது." பிறகு மேலே இருந்த வடுவை விரலால் தடவினார். "மொதல்ல சரியாத்தான் வெச்சிருக்க. அப்பறம் ஏன் மாத்துன? யாரு சொன்னா?"

அப்பா என்று சொல்லியிருந்தால் போதும். வாய் வரை வந்துவிட்டது. அந்த ஆள் அப்பாவைக் கேலியாகச் சிரித்துவிட்டால் என்ன செய்வேன்? அவிழ்த்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சே மாத்தறவன் எனக்கு வோணாம்பா" என்று டப்பாவை மூடிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போனதும் இந்த விமானத்தை அப்பா காலடியில் போட்டு மிதிக்க வேண்டும், சத்தம் போட வேண்டும், இனி சோறே வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

பஸ் நிற்கிற இடத்திலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகவில்லை. வெளுத்த வேட்டி, நெற்றியில் விபூதி.

"இன்னாபா, இன்னா சொன்னாங்கோ?"

"ஆள் எடுத்துட்டாங்களாம்பா. லேட்டா போயிட்டேன்."

அவர் என் கையிலிருந்த டப்பாவையே பார்த்தார். முகம் அப்படியே வாடிப்போயிற்று.

"பொய் சொல்லாத. எம்மேலதான் தப்பு. ஒட்ட எடமில்லன்னு ரெண்டு குண்ட வுட்டுட்டேன். அதையும் எப்பிடியாச்சும் ஒட்டியிருக்கணும்."