ரேகை வைக்க மறுத்த கண்ணையன்

நெய்வேலிச் சுரங்கத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்குப் போடுவது மருதமுத்துவின் வேலை. சிவகங்கைப் பக்கத்து ஆள், வாய் ஓயாது. டாக்டர் எழுதிய ஊனத்தின் அளவையும் அடிபட்டவரின் சம்பளத்தையும் வைத்துத் தொகை போட வேண்டும். யாராவது ஓவர்டைம் கூலியைச் சேர்க்காமல் விட்டால் போச்சு, ஆபீசே அதிரும். "உங்கப்பன் வீட்டுப் பணமாய்யா, இழுத்துப் பிடிக்கிறே?" என்று பக்கத்து மேசை சக்கரபாணியைப் பிடித்துக்கொள்வார். அவர் பாவம், சிரித்துக்கொண்டே திருத்தித் தருவார்.

அப்பேர்ப்பட்ட மனிதரை அறுபத்து மூன்றாம் வருஷம் கண்ணையன் என்ற கூலியாள் அலையவிட்டான். நிலக்கரி ஏற்றிப் போகும் பெல்ட்டில் மாட்டி அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. காயம் ஆறிவிட்டது, பணமும் தயார். ரேகை வைத்துப் பணத்தை வாங்கிய பிறகுதான் வேலையில் சேர்ப்பது ஆபீஸ் வழக்கம். மாசக் கடைசிக்குள் சேராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஆள் அனுப்பினால், கண்ணையன் ஊரிலேயே இல்லை என்று பதில் வந்தது.

மருதமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளை மிதித்து வடலூர் ரோட்டோரக் குடிசைக்கே போய்விட்டார். கண்ணையன் நிம்மதியாகக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, ஊர்ல இல்லாத ஆளா கூழ் குடிக்கிறது? பணம் வேண்டாமா ஒனக்கு?"

"வாணாங்க. வேல இருந்தாப் போதுங்க."

அவன் மனைவி வீராயி முன்னால் வந்தாள். "பழைய ஊர்ல சுரங்கத்துக்குன்னு எங்க வூட்ட எடுத்துகினு பணம் குடுத்தாங்க. ரேகை வெச்சோம், காலி பண்ணுன்னுட்டாங்க. இப்ப வெரலுக்குக் குடுக்கறீங்க. வாங்கிட்டா வேலைய விட்டுப் போவச் சொல்ல மாட்டீங்களா? அதத்தான் ரோசன பண்ணிகினு கெடக்கறாரு."

பணம் வாங்கினால் வேலை போகாது என்பதை ஒருவரிடமும் மருதமுத்து வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை. இப்போது சொன்னார், சத்தியமும் செய்தார். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், நம்பத்தான் இல்லை.

நேரே அதிகாரியிடம் போனார். "சார், இந்தக் கண்ணையனுக்கு மட்டும் முதல்ல வேலை, அப்புறம் பணம்."

"வழக்கம் இல்லையே?"

"வழக்கந்தானே சார், சட்டமா என்ன?"

அதிகாரி சிரித்துவிட்டார். மறுநாளே கண்ணையன் டூல்ஸ் ரூமில் சேர்ந்தான். ஒரு மாதம் ஒழுங்காக வேலை பார்த்து, சம்பளமும் வாங்கினான். அதற்குப் பிறகுதான் ஒரு சாயங்காலம் மருதமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ரேகை வைத்தான்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு மருதமுத்துவும் சுரங்க வாசலுக்குப் போய் நின்றார். மனசு கேட்கவில்லை. காவலாளி பெரியண்ணன் கண்ணையனின் அடையாள வில்லையைப் பார்த்துவிட்டு, "போ, போ" என்றார். கண்ணையன் உள்ளே போனான். உடனே வெளியே வந்து, மறுபடியும் வில்லையை நீட்டினான்.

"என்னய்யா, வெளையாடுறியா?"

"இல்லீங்க, இன்னொருவாட்டி பாத்துக்கறேன்."

மருதமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் ரோட்டோரத்தில் வீராயியைக் கவனித்தார். சட்டி, பானை, பாய், முறம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கண்ணையன் இரண்டாம் முறையும் உள்ளே போனதைப் பார்த்ததும் அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

"ஐயா, ஒரு கை பிடிங்க," என்றாள். "திரும்ப வூட்டுக்குத் தூக்கிகினு போவணும்."