நான்கு பேரல் தண்ணீரும் புஷ்பம் மதினியும்

செய்தி வந்தபோது நான் கரிமூட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். திருச்சுழிக்குத் தெற்கே, வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள், மண் மெழுகிய கட்டைக் குவியலாக ஆறு நாளாகப் புகைந்துகொண்டிருந்த மூட்டம் அது. காலை பத்து மணி இருக்கும். கரைமேல் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில விடியுமுன்ன முடிஞ்சிருச்சுங்க. மக உங்களக் கூட்டியாரச் சொல்லுச்சு" என்றார்.

உடனே கிளம்ப என்னால் முடியவில்லை. மூட்டத்தின் வடக்குப் பக்கம் மண் வெடித்திருந்தது. அதை ஈரமண் வைத்து அடைக்காமல் போனால் காற்று உள்ளே புகுந்து அவ்வளவு கட்டையும் சாம்பலாகிவிடும். அடைக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குக் கூடும்போது வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் சித்தப்பா என்று புஷ்பம் மதினியின் மகள் ஜெயராணி கேட்டாள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் கோயிலில் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஐந்து குடும்பங்களின் அந்த வண்டியை மதினி எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். எனக்கும் அவருக்கும் ரத்த உறவு கிடையாது. ஆரோக்கியத்தை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியதால் அவர் மனைவி எனக்கு மதினியானார். வயதில் எனக்கும் மதினிக்கும் ஒரு வருடம்கூட வித்தியாசம் இல்லை.

பாலவனத்தம் பக்கத்திலிருந்து ஐந்து குடும்பங்களாகக் கிளம்பினோம். எண்பதுகளில் மழை பொய்த்துப் போய், கூலி வேலைகூட இல்லாத வருடங்கள். கண்மாய்களுக்குள் சீமைக் கருவேலம் மட்டும் செழிப்பாக நின்றது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதுதான் பிழைப்பு. மூட்டத்தை விட்டு நகர முடியாது என்பதால் கண்மாய்க்குள்ளேயே தார்ப்பாய் கட்டி மாதக்கணக்கில் தங்குவோம். ஆண்களுக்கு வெட்டும் மூட்டமும், பெண்களுக்குத் தண்ணீர். குடிக்க, சமைக்க, மூட்டத்தை மெழுக, எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மைல் நடந்து குடத்தில் கொண்டுவர வேண்டும். ஊரே தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது வெளியாட்களுக்கு யார் முதலில் விடுவார்கள்? மதினி கெஞ்சுவார், சண்டை போடுவார், சில நாள் வெறுங்குடத்தோடு அழுதுகொண்டே வருவார்.

வண்டி ஒன்று வாங்கலாம் என்று ஐந்து வீடும் கூடி முடிவெடுத்தது அப்போதுதான். கரியையும் ஏற்றலாம், தண்ணீரும் கொண்டுவரலாம், கண்மாய் விட்டுக் கண்மாய் மாறும்போது சட்டிபானையோடு நாமும் ஏறிக்கொள்ளலாம். ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே நான் சொன்னதே தீர்ப்பு. காரியாபட்டிச் சந்தைப் பக்கம் ஒரு புரோக்கர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று குட்டையானது, கனத்த ஸ்பிரிங் பட்டைகள், பார்க்க லட்சணமில்லை. இன்னொன்று நீளப் பாடி வைத்த டெம்போ. நான் டெம்போவின் பின்னால் நின்று, மூட்டை எத்தனை அடுக்கு ஏறும் என்று விரல்விட்டு எண்ணினேன். கரி வேலை செய்கிறவனின் கண் அப்படித்தான் பழகியிருக்கும். கரிமூட்டை மலையாக நிற்கும், கனம் இருக்காது. எங்களுக்கு லோடு என்றால் உயரம்தான்.

மதினி ஓரமாக நின்றவர், "ஒரு பேரல் தண்ணிய ஏத்தி ஓட்டிப் பாத்துட்டு வாங்குவமே" என்றார்.

"எங்க ஊத்துறது மதினி, உங்க தலையிலயா?" என்று நான் கேலி பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "கரிக்கு வண்டி பாக்குறீகளா, நமக்குப் பாக்குறீகளா?" என்று மட்டும் கேட்டார். நான் அதற்குள் புரோக்கரிடம் விலை பேசத் தொடங்கியிருந்தேன். டெம்போவை வாங்கினோம்.

இரண்டாவது கோடையில் அது நடந்தது. மூட்டம் வேகும்போது உள்ளே சில இடங்களில் கட்டை எரிந்து பள்ளம் விழும். மேலே பார்த்தால் தெரியாது. ஒருநாள் காலை, ஆரோக்கியம் அண்ணன் வெடிப்பை அடைக்க மேலே ஏறியவர், இடது கால் தொடைவரைக்கும் உள்ளே இறங்கிவிட்டார். இழுத்து வெளியே போட்டபோது கால் கால் மாதிரி இல்லை. நான் அப்போதுதான் நான்கு பேரல் தண்ணீரோடு வந்து நின்றிருந்தேன். அவரைத் தூக்கிப் பேரல்களுக்கு நடுவில் படுக்க வைத்தோம். மதினி ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வண்டியை எடுக்குமுன் பேரல்களை இறக்கியிருக்க வேண்டும். இறக்க நேரமில்லை என்றால் சாய்த்துக் கொட்டியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, தோன்றவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீரைக் கொட்டக் கை வரவில்லை. இரண்டு நாளாகப் பிள்ளைகள் வாய் நனைக்கக்கூடத் திண்டாடின. மூன்று ஊர் அலைந்து வாங்கிய தண்ணீர். அப்படியே கிளப்பினேன். கண்மாய்க் கரை ஏற்றத்தில் பின்பக்கம் படாரென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் பட்டை ஒடிந்து, பாடி டயர்மேல் உட்கார்ந்துவிட்டது. அண்ணனைக் கட்டிலில் வைத்து ரோடு வரைக்கும் சுமந்தோம். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தோம். அருப்புக்கோட்டை போய்ச் சேரும்போது உயிர் இருந்தது. மறுநாள் மத்தியானம் இல்லை.

மதினி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டேன். நடுரோட்டில் வண்டிக்கு அடியில் படுத்துவிடலாமா என்றுகூடச் சில நாள் யோசித்தேன். அதை எப்படியோ அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். மாதம் முடிந்ததும் மகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, கண்மாய்க்குள் நாங்கள் தார்ப்பாய் கட்டியிருந்த தங்கலுக்கு வந்தார். "வேற வண்டி பாக்கணும். நீங்கதான் வரணும் கொழுந்தனாரே" என்றார்.

"என்னை நம்பியா?" என்று கேட்டேன்.

"வேற யாரு இருக்கா ஓட்ட?" என்றார்.

மூன்று மாதம் அலைந்தோம். அவர் வண்டி பார்த்த விதத்தை விருதுநகரிலும் மதுரையிலும் புரோக்கர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பெயின்டைப் பார்க்கமாட்டார். இன்ஜின் சத்தத்தை என்னைக் கேட்கச் சொல்லிவிட்டு, நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்து பட்டைகளை எண்ணுவார். பிறகு வாய் திறந்த பேரல் நான்கில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றச் சொல்வார். அப்புறம் என்னைப் பார்ப்பார். "ஏறிப் படுங்க."

முதல் தடவை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். அண்ணன் படுத்த அதே இடம், பேரல்களுக்கு நடுவில். படுத்தேன். அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். புரோக்கரின் ஆள் வண்டியை ஓட்ட, பக்கத்திலிருந்த ஏதோ ஓர் ஊருணிக் கரையில் ஏறி இறங்கினோம். முதுகெலும்பு முறிகிற மாதிரி இருந்தது. "குலுக்குதா?" என்றார். எனக்கு அந்த இடத்திலிருந்து எழுந்தால் போதும் என்றிருந்தது. "குலுக்கல மதினி, நல்ல வண்டி" என்றேன். அவர் பேரல்களைக் காட்டினார். பாதித் தண்ணீர் என் சட்டையில் இருந்தது. "பொய் சொல்லாதீக. அவுகளால சொல்ல முடியல. நீங்க சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் பொய் சொல்லவில்லை. எட்டு வண்டிகளில் படுத்தேன். ஒன்பதாவது, ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய ஒரு டன் வண்டி. பச்சைப் பெயின்ட் உரிந்து, கதவு ஒன்று இல்லாமல் நின்றது. நான்கு பேரலோடு கரையில் ஏறியது, ஏறி நின்றது, இறங்கியது. தண்ணீர் ததும்பியது, சிந்தவில்லை. அவர் பேரலின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. புரோக்கர் பயந்துபோய், "ஏலே, என்னலே ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

அந்த வண்டி எங்களை எப்படிக் காப்பாற்றியது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மழைக்கு அதன் அடியில் பிள்ளைகள் தூங்கின. வெயிலுக்கு அதன் பக்கவாட்டில் தார்ப்பாய் இழுத்துக் கட்டிச் சமைத்தோம். இரண்டு பிரசவம், மூன்று பாம்புக்கடி, எல்லாம் அதில்தான் போயின, எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் மதினி பின்னால் ஏறிக்கொள்வார். ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும், ஒரு மூலையில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். காப்பாற்ற முடிந்தவர்களைப் பார்க்கும்போதுதான் காப்பாற்ற முடியாமல்போனது அதிகமாக வலிக்கும் போலிருக்கிறது. ஒருமுறை, "இது அப்பவே இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்து, "விடுங்க, அடுப்பப் பாக்குறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

பத்து வருடப் புகை அவர் நெஞ்சைத் தின்றுவிட்டது. நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். தங்கலுக்கு வர வேண்டாம் என்று ஜெயராணி சண்டை போட்டாள், கேட்கவில்லை. போன மாதம், செய்தி வந்ததற்கு முதல் நாள் காலையில், உலை வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வண்டியில் நான்கு பேரல் தண்ணீர் நிறைந்திருந்தது. மூட்டம் ஐந்தாம் நாள். அன்றைக்கும் மறுநாளைக்கும் இருந்த தண்ணீர் அவ்வளவுதான்.

நான் யோசிக்கவே இல்லை. ஏறி நான்கையும் சாய்த்துவிட்டேன். கண்மாய் மண் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. மதினியைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தபோது, ஈரத் தரையையும் காலிப் பேரல்களையும் பார்த்தார். அந்த நிலைமையிலும் முகம் சுளித்தது.

"ஏன் கொட்டுனீக?" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "தண்ணியோடவே ஆளையும் தூக்குற வண்டின்னுதான இத எடுத்தேன். உங்களுக்காகத்தான எடுத்தேன்."

அண்ணனை ஏற்றிய அன்று நான் தண்ணீரைக் கொட்டாமல் கிளம்பியது அவருக்குத் தெரியும். மடியில் புருஷன் தலையை வைத்துக்கொண்டு அந்தப் பேரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? பத்து வருடம் தெரிந்தே இருந்திருக்கிறார். இனி ஒருநாளும் எனக்கு அந்தச் சங்கடம் வரக்கூடாது என்று ஒன்பது வண்டி ஏறி இறங்கியிருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், "மூட்டம் வெடிச்சிரும், நீங்க போங்க" என்று என்னை விரட்டினார். மகள் இருக்கிறாளே என்று திரும்பினேன். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. மறுநாள் செய்தி வந்தபோது வெடித்த இடத்தில் கையால் உலர்ந்த மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன், நிற்கவில்லை. விட்டுவிட்டுக் கிளம்பினேன். அவ்வளவும் சாம்பலாயிற்று. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

வண்டி இனி என்னிடம் இருக்கட்டும் என்று ஐந்து குடும்பங்களும் சொல்லிவிட்டன. சாவி என்னிடம் இருக்கிறது. மதினியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வண்டியும், "உங்களுக்காகத்தான எடுத்தேன்" என்ற அந்தச் சொல்லும். இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது, அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. மதினியை ஏற்றிக்கொண்டு கரை ஏறும்போது பின்னால் திரும்பி, "குலுக்குதா மதினி?" என்று கேட்டேன். "குலுக்கல, ஓட்டுங்க" என்றார். அது உண்மையா, புரோக்கர் வண்டியில் படுத்துக்கொண்டு நான் சொன்னது மாதிரிப் பொய்யா என்று பேரலைப் பார்த்தால் தெரிந்திருக்கும். பேரலில் தண்ணீர் இல்லை. நான் கொட்டிவிட்டேன்.