காவல் காக்க ஓர் ஆடு

"பின்னாடி வா, பின்னாடி!" என்று திரும்பிப் பார்க்காமலே அதட்டுவார் மீரான் ராவுத்தர். கன்னிவாடிச் சந்தையில் வாங்கிய ஆடுகள் திண்டுக்கல் ரோட்டில் முன்னே போகும், நடுவில் அவர், கடைசியில் செவலை நாய். அவருடைய இடது கை கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும். நாயின் ஈர மூக்கு துணியில் பட்டுத் தொலைத்தால் அதை அலசாமல் தொழ முடியாதே! ஒட்டன்சத்திரத்துத் தக்காளி லாரிக்காரர்கள், "ஏத்தி விடுங்க ராவுத்தரே, செத்த நேரத்துல போயிரலாம்" என்பார்கள். "லாரியில வந்த ஆடு பாதியா இளைச்சுப் போகும். நீ போப்பா" என்று கையை ஆட்டுவார்.

நயா பைசா வந்து இத்தனை நாளாகியும் பீடிக்கடையில் அணாக் கணக்குத்தான் பேசுவார். சந்தையில் பேச்சே கிடையாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நாய் விஷயத்திலும் அந்த முகந்தான். தடவிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. பெயரும் வைக்கவில்லை. "அது நாயில்லப்பா, நம்மகிட்ட வேலை பாக்குற ஆளு" என்பார். கொட்டிலில் விளிம்பு உடைந்த சட்டி ஒன்று உண்டு. வேலைக்காரனுக்குக் கஞ்சி அதில்தான், அதுவும் எட்ட நின்று ஊற்றுவது.

ஆடு காக்க, பயிர் காக்க நாய் வைத்துக்கொள்ளலாம்; சும்மா வளர்த்தால் நன்மை நாளுக்கு நாள் குறையும் என்று பள்ளிவாசல் அசரத்து சொல்லியிருக்கிறார். அதை மீரானை விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவள் அவர் மனைவி சைனம்பு. ஒரு தடவை ஆடெல்லாம் விற்றுக் கொட்டில் காலியாகிவிட்டது. "இப்ப அதுக்கு இங்க என்னங்க சோலி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து எத்தனை கிராக்கி வந்தாலும் ஓர் ஆட்டை மட்டும் விற்காமல் நிறுத்திக்கொள்வார். நேர்ச்சை ஆடு போலிருக்கிறது என்று கறிக்கடைக்காரர்கள் பெரிய மனசு பண்ணி விட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் செவலைக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. சந்தைக்குப் போவது நின்றது. ஆடு கத்தினால் எதிர்த்திசையைப் பார்த்துக் குரைத்தது. ராவுத்தர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பக்ரீதுக்கு முந்தின நாள், சந்தை ஆடெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு, ஜமாஅத் தலைவர் அப்துல் கையூம் வந்து சேர்ந்தார். கொட்டிலில் இருந்தது அந்த ஒற்றைக் கிடாதான்.

"குர்பானிக்கு இதக் குடு மாப்ளே. என்ன விலைனாலும் சரி."

ராவுத்தர் தாடியைச் சொறிந்தார். வாசற்படியிலிருந்து சைனம்பு சொன்னாள்: "குடுத்துருங்க. கண்ணு தெரியாத காவக்காரனுக்கு ஆடு ஒரு கேடா? காத்தமுத்து வண்டி நாளைக்கிக் கன்னிவாடி போகுது. நாய அதுல ஏத்தி மலையடிவாரத்துல விட்டுட்டு வரச் சொல்லுங்க."

கிடா போனால் நாயும் போகும். மலையடிவாரத்தில் குருட்டு நாய் எத்தனை நாள் தாங்கும்? செவலை ஒன்றும் தெரியாமல் படுத்துக் கிடந்தது.

"இல்ல மாமு, இது கொட்டில் ஆடு. இதுக்குக் காவலுக்கு ஆளிருக்கு."

"காவலா? அதுக்குத்தான் கண்ணே தெரியலயே!"

"கண்ணு எதுக்கு மாமு? கயித்தப் பிடிச்சுக்கிட்டாப் போதாதா?"

பெருநாளுக்காகத் துவைத்துக் காயப்போட்டிருந்த சட்டையை, தலைவர் வந்திருக்கிறாரே என்று ராவுத்தர் அப்போதுதான் மாட்டியிருந்தார். சாணியும் புழுக்கையுமாகக் கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்தார். செவலையின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். இரண்டு கையாலும் அதன் வாயைத் திறந்து, கிடாவின் கயிற்று நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துப் பதமாக மூடினார்.