மேட்டுக்கு ஏத்த பல்சக்கரம்

என் கொழுந்தனுக்கு வீட்டுல பேரே 'கேள்வி'தான். எதைப் பார்த்தாலும் இது எப்படி, அது எதுக்குன்னு துளைச்சு எடுக்கிற ஆளு. மேட்டுக்கு அடிவாரத்துல சலூன் வெச்சிருக்கார். எங்க வீடு மேட்டு உச்சியில. வாரம் ஒரு தடவை சவரப் பெட்டியை சைக்கிள்ல கட்டிக்கிட்டு, பக்கவாதத்துல படுத்துட்ட தன் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஷேவ் பண்ணிவிட வருவார். வேற யார் கை பட்டாலும் வீட்டுக்காரருக்கு ஆகாது. தம்பி வர்ற அன்னிக்குத்தான் மூஞ்சியில கொஞ்சம் களை வரும்.

ஒருநாள் தாடைக்குக் கீழ கத்தி பட்டுடுச்சு. மேடேறி வந்த கை வெடவெடன்னு ஆடுது. எனக்கு உசிரே போயிடுச்சு. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் கூப்பிடுவேன் தம்பி"ன்னு பட்டுன்னு சொல்லிட்டேன். அவர் முகம் செத்துப்போச்சு. வீட்டுக்காரர் என்னை முறைச்சார். முறைச்சா முறைக்கட்டும், எனக்கு அவர் கழுத்து வேணும்.

வேற யாரா இருந்தாலும் பஸ்ல வந்திருப்பாங்க. நம்மாளு, மிதிக்கிற சிரமம்தான் கையை ஆட்டுதுன்னு முடிவு கட்டி, பின்சக்கரத்துல செயின் ஓடுற சின்னப் பல்சக்கரத்தைக் கழட்டிட்டு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெருசா ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்தார்.

"பின்னாடி பல்லு கூடக் கூட மிதிக்கிறது லேசாகும் அண்ணி. மேடு அதேதான், காலுக்கு மட்டும் தெரியாது."

மூச்சு வாங்காமத்தான் வந்தார். ஆனா கையை நீட்டிப் பார்த்தா அப்பவும் ஆட்டம். கத்தியைத் தொடாமலே இறங்கிப் போயிட்டார். வீட்டுக்காரர் அன்னிக்குச் சாப்பிடவே இல்லை. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்னு எனக்கே தோணுச்சு.

அடுத்த வாரம் மாடியில துணி காயப்போடுறப்போ கொழுந்தன் ஏறி வர்றதைப் பார்த்தேன். காலு தையல் மெஷின் கணக்கா ஓடுது, வண்டி நகரவே மாட்டேங்குது. கூடையைத் தூக்கிக்கிட்டு நடந்து வர்ற ஒரு பொம்பளை அவரைத் தாண்டிப் போறா. அவ்வளவு மெதுவாப் போனா சைக்கிள் நிக்குமா? இப்படிச் சாயுது, அப்படிச் சாயுது. விழுந்துடாம இருக்க மனுஷன் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சு மல்லுக்கட்டிக்கிட்டு வர்றார்.

வாசலுக்கு இறங்கி வந்து, "காலுக்கு லீவு குடுத்துட்டு கையைப் போட்டு வதைக்கிறீங்களே தம்பி"ன்னேன்.

வாசல்லயே நின்னுட்டார். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடி அச்சு செக்கச்செவேல்னு பதிஞ்சிருந்தது.

"முடிவெட்டுறவன் நான். கையை விட்டுட்டுக் காலையே பார்த்திருக்கேன் பாருங்க"ன்னு சொல்லிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிட்டார்.

அதுக்கு அடுத்த வாரம் நடுவாந்தரமா ஒண்ணு மாட்டினார். காலுக்கும் கொஞ்சம் வேலை, வண்டியும் தள்ளாடாது. கைப்பிடியில விரலைச் சும்மா வெச்சுக்கிட்டு ஏறி வந்தார். தண்ணி குடிச்சதும் மூச்சு அடங்கிடுச்சு. கையை நீட்டினார். அசையலை.

நான் பஞ்சோட பக்கத்துலயே நின்னேன். மூணு வாரத் தாடி மளமளன்னு இறங்குச்சு. ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்காரர் நல்லா இருக்கிற கையால கன்னத்தைத் தடவிப் பார்த்துட்டு மீசையைக் காட்டினார். அதை ஒருத்தரையும் தொட விட்டதில்லை. தானேதான் ஒதுக்கிக்குவார். படுத்ததுல இருந்து அது வாயை மறைச்சுத் தொங்கிக்கிட்டுக் கிடந்துச்சு.

"இதையுமா அண்ணா?"

"வெட்டு"ன்னார், குழறின வாயால.

கொழுந்தன் வெட்டி முடிச்சதும், வீட்டுக்காரரோட கோணல் சிரிப்பு முழுசாத் தெரிஞ்சுது. நான் அழுதுட்டேன்.