தேர் இருப்புக்கு வரும் வரை

தேங்காய்த் தண்ணீர் தார் ரோட்டில் வெயிலுக்குக் காய்கிற மணம்… லா சப்பல் கோயில் தேரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். உங்களில் சிலரும் நான் சொல்லப்போகிற வருடத்துத் தேரில் நின்றிருப்பீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

எங்களுடையது மேளக்காரக் குடும்பம். அப்பா நாதஸ்வரம், அண்ணா தவில், நான் தாளம். ஊர் இலங்கையில் இணுவில், வீடு பிரெஞ்சு நாட்டில், லா கூர்னெவில். வார நாட்களில் அப்பாவுக்கு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை. சவுக்காரத் தண்ணீரில் விரல் நுனி வெடித்துவிடும். வெடித்த விரலால் துளையை மூடினால் காற்று கசிந்து சுரம் நழுவும். அதற்காகவே விரல்களுக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பார்.

பயிற்சி எல்லாம் கட்டடத்துக்குக் கீழே, நிலவறையில், சைக்கிள்களுக்கும் பழைய மெத்தைகளுக்கும் நடுவில். வீட்டில் வாசித்தால் கீழ்வீட்டு மடாம் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது, நாதஸ்வரத்துக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

அது சோடியாக வாசிக்கிற வாத்தியம். அப்பாவின் சோடி அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா. யுத்தம் இருவரையும் பிரித்துப் போட்டது. பெரியப்பா இணுவிலில் படுத்த படுக்கையாக இருந்தார். அப்பாவின் கையில் இருந்தது அகதிப் பாஸ்போர்ட்… எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது.

அதனால் ஒரு வழி செய்தார்கள். தேரன்று அம்மா போன் கார்டைச் சுரண்டி பெரியப்பாவுக்கு எடுப்பார். போனை அப்பாவின் பக்கம் நீட்டிப் பிடித்தபடி கூடவே நடப்பார். அப்பா ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளி பெரியப்பாவுக்கு. அங்கே அவர் அதே வரியைத் திருப்பிப் பாடுவார். அம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார். அப்பாவின் முகம் மலரும், அடுத்த வரிக்குப் போவார்.

பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் ஒரு நகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. விடிய முன்னமே அப்பா, அண்ணா, நான் மூவரும் கோயிலுக்குப் போய்விட்டோம். அம்மா பிறகுதான் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வடம் தொட்டுக் கும்பிடாமல் அவர் ஒரு வருடமும் இருந்ததில்லை. அன்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், நடைபாதையில் நின்றார். கூப்பிடப் போனேன்.

"கிட்ட வராதை பிள்ளை. அங்கையே நில்."

எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தேன். எங்கள் வழக்கத்தில் சாவுச் செய்தி காதில் விழுந்த உடனே துடக்கு. துடக்குக்காரர் கோயிலுக்குள் வரக்கூடாது, மேளம் தொடக்கூடாது. காதில் விழாதவரை ஒன்றும் இல்லை. அப்பாவின் காதில் விழுந்தால் தேர் நின்றுவிடும், அன்றைக்கு அங்கே வேறு மேளம் கிடையாது.

அம்மா சொல்லவில்லை… நானும் கேட்கவில்லை.

தேர் வெளிக்கிட்டது. அப்பா மல்லாரி முடித்துத் தோடியை எடுத்தார். முதல் வரியை நிறுத்திவிட்டு, சனத்துக்கு மேலால் அம்மாவைத் தேடினார். அம்மா நடைபாதையோடு வந்துகொண்டிருந்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அவர் ஒரு நம்பரும் அழுத்தவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்தப் போனைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார்.

தலையாட்டினார்.

அப்பா சிரித்தார்… அன்று வாசித்ததைப் போல அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் அவர் நிறுத்தினார், ஒவ்வொரு சந்தியிலும் அம்மா தலையாட்டினார். தாளத்தைத் தவறவிடாமல் பிடித்தேன், வேறென்ன செய்வது!

தேர் வீதி சுற்றி முடித்து, புறப்பட்ட இடத்துக்கே, இருப்புக்கு வந்தது. அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து அம்மாவிடம் போனார்.

"அண்ணை என்னவாம்? தோடி பிடிச்சதாமோ?"

"இஞ்சேருங்கோ… அண்ணை விடியவே போயிட்டாராம். வீட்டை போன் வந்தது. தேர் நிண்டிடும் எண்டுதான் நான்…"

அப்பா அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் தலையாட்டினீரெல்லோ."

அவ்வளவுதான் சொன்னார். உடைந்த தேங்காய்களுக்கு நடுவே நடைபாதை விளிம்பில் குந்தினார். ரோட்டைக் கழுவுகிற வண்டி வரும்வரை எழும்பவில்லை.

அம்மா செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றும் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. துடக்குக் கழிந்ததும் அப்பா திரும்ப வாசித்தார். இடைவெளி விடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இப்போது கார்ட் சுரண்ட வேண்டியதில்லை. தேரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் போன்தான், ஊரிலிருந்து கனடா வரை எல்லோரும் வீடியோவில் பார்க்கிறார்கள். அப்பாவுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, இணுவிலில் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. லண்டனிலிருந்தும் சுவிசிலிருந்தும் மேளம் வருகிறது. அப்பா இல்லாவிட்டாலும் தேர் ஓடும்.

வருகிற ஞாயிறு தேர்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவசரத்துக்குக் கூப்பிட அங்கே கொடுத்திருப்பது என் நம்பர்.

முந்தாநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஏதும் நடந்தாலும், தேர் இருப்புக்கு வந்தாப் பிறகு கொப்பருக்குச் சொல்லு பிள்ளை. அந்த மனுசன் நிம்மதியா வாசிக்கட்டும்."

வெளியே வந்தேன். லிப்டடியில் அப்பா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உனக்குப் போன் வந்தால் அந்த நிமிசமே எனக்குச் சொல்லிப்போடோணும். நான் வாசிக்கிறதை விட்டிட்டு வருவன். தேர் நிண்டால் நிக்கட்டும்."

இரண்டு பேருக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.